இதற்கு மட்டும் ஒற்றுமை

ஐயா,

தன்பாலின ஈர்ப்பு நம் பண்பாட்டுக்கு ஆகாது என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு ஒரு வழக்குதான் நினைவுக்கு வரும். 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆவது சட்டப் பிரிவைத் தளர்த்தியபோது, அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்கள் யார்? ஒரு ஜோதிடர், முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம், கிறிஸ்தவ சபைகளின் அமைப்புகள். மற்ற நாளில் ஒரே மேடையில் நிற்காதவர்கள்! 2013-இல் ஜெயித்தும்விட்டார்கள். அவர்கள் காப்பாற்றத் துடித்த சட்டமோ 1860-இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது.

சரி, 2018-இல் வயதுவந்தோர் சம்மதத்தோடு கொள்ளும் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வீட்டுக்குள்? எங்கள் உறவுப் பையன் ஒருவன் வாய்திறந்து சொன்னதும் முதலில் மந்திரிக்கக் கூட்டிப்போனார்கள். பலிக்கவில்லை. உடனே பெண் பார்க்கத் தொடங்கினார்கள். அந்தப் பெண்ணின் கதி என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

2021-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்குத் தன்பாலின ஈர்ப்பு பற்றி முழுதாகப் புரியவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து பேசித் தெரிந்துகொண்ட பிறகே உத்தரவு எழுதினார். ‘குணப்படுத்துகிறேன்’ என்று சிகிச்சை தருவதற்கும் அதில் தடை உண்டு. நம் பூசாரிகளுக்கும் போதகர்களுக்கும் யாராவது அதைப் படித்துக் காட்டினால் தேவலை.

- ஒரு வாசகி, திருநெல்வேலி