50 மி.மீ. என்று விற்ற ஸ்கோப்பில் 41 மி.மீ.தான்: முழுப்பணம் கேட்டுப் புகார்

அனுப்புநர்:
துப்பாக்கி லைசென்ஸ்தாரர்கள் இருவர்,
சுங்கை சிப்புட் (வ), பேராக்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கோலாலம்பூர்.

தேதி: 12 மே 2025

பொருள்: 4-16×50 துப்பாக்கி ஸ்கோப் (4 முதல் 16 மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. முன் லென்ஸ் கொண்ட குறிநோக்கி) இரண்டு. ஜீரோ (குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி செய்த சரிக்கட்டு) நிற்கவில்லை, தண்ணீர் புகுகிறது, விளம்பர அளவும் பொய். 1,744 வெள்ளி (ரிங்கிட்) திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். மார்ச் மாதம் உங்களிடம் இரண்டு ஸ்கோப் வாங்கினோம். ஒன்று 780 வெள்ளி. ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்து நிறுத்தும் ரிங் ஜோடி 80 வெள்ளி வீதம் இரண்டு, அனுப்பும் செலவு 24 வெள்ளி, ஆக மொத்தம் 1,744. தோட்ட நிர்வாகம் வாங்கிக் கொடுத்தது அல்ல, எங்கள் கைக்காசு. ரசீதும் எங்கள் பெயரில்தான் இருக்கிறது.

வாங்குவதற்கு முன் உங்கள் விற்பனையாளரிடம் வாட்ஸ்அப்பில் ஒளிவு மறைவில்லாமல் கேட்டோம்: 12 போர் (குழல் அளவு) துப்பாக்கி, தனிக்குண்டுத் தோட்டா, செம்பனைக்குள் காட்டுப்பன்றி, தூரம் 30 முதல் 50 மீட்டர், தாங்குமா? "தாங்கும் பாஸ், பவர் கூட இருந்தா வேல்யூவும் கூட" என்று பதில் வந்தது. அந்த உரையாடலை அப்படியே பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறோம்.

ஏப்ரல் மாதம் புகார் செய்தபோது நீங்கள் மூன்று காரணம் சொல்லித் தட்டிக் கழித்தீர்கள். மாட்டிய விதம் தவறு, 12 போருக்கு வாரண்டி இல்லை, பனி பிடிப்பது நம் நாட்டுச் சீதோஷ்ணம். மூன்றுக்கும் பதில் கீழே.

முதலில் மாட்டிய விதம். ஸ்கோப் ஆடினால் பெரும்பாலும் ரிங்தான் காரணம் என்பது எங்களுக்கும் தெரியும். அதனால்தான் அதை முதலிலேயே கணக்கிலிருந்து நீக்கினோம். ரிசீவரில் (துப்பாக்கியின் உடற்பகுதியில்) உள்ள, ரிங் பூட்டும் ரெயிலின் திருகுகளைக் கழற்றி, எண்ணெய் துடைத்து, நீல நிறப் பூட்டுப் பசை ஒரு சொட்டு வைத்து மறுபடி முடுக்கினோம். ரிங் திருகுகளை டார்க் ஸ்க்ரூடிரைவரால் 17 இஞ்ச்-பவுண்டில், குறுக்கு மறுக்காக மாற்றி மாற்றி முடுக்கினோம். இரு பக்கமும் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தோம். கடைசியாக ரிங்கிலிருந்து குழாய்க்கு ஏறும்படி வெள்ளைப் பெயிண்டில் மெல்லிய கோடு போட்டோம். குழாய் ஒரு மயிரளவு நகர்ந்தாலும் கோடு உடைந்துவிடும். 24 தோட்டா சுட்ட பிறகும் இரண்டு துப்பாக்கியிலும் கோடு முழுசாக இருக்கிறது. படம் இணைத்திருக்கிறோம்.

ஆனால் குண்டு விழும் இடம் நகர்ந்துவிட்டது. 50 மீட்டரில் ஐந்து ஐந்தாகச் சுட்டு நடுப்புள்ளியை அளந்தோம். வழவழப்பான குழலில் தனிக்குண்டு அந்தத் தூரத்தில் ஒரு சாண் வரை சிதறுவது சகஜம், ஒற்றை ஓட்டையை வைத்து யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. முதல் ஐந்துக்கும் கடைசி ஐந்துக்கும் இடையே நடுப்புள்ளி 110 மி.மீ. இடப்பக்கம் போயிருந்தது. துப்பாக்கி மேலேயே சந்தேகம் வரக் கூடாது என்று, அதே ரெயில், அதே ரிங், அதே பெட்டித் தோட்டாவில் ஒரு பழைய 4×32 ஸ்கோப்பை மாட்டிச் சுட்டோம். நடுப்புள்ளி அசையவில்லை. தோட்டா என்பது லைசென்ஸில் எழுதிய கணக்குப்படி வாங்கும் பொருள், கச்சான் போலக் கைநிறைய அள்ளி வரும் சமாச்சாரம் இல்லை என்பது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கத் தோட்டாவே தேவைப்படவில்லை. துப்பாக்கியைக் காலி செய்து, பட்டறை வைஸில் ரப்பர் சுற்றி இறுக்கி, 50 மீட்டர் தள்ளி கட்டம் போட்ட அட்டையை நட்டு, கண்ணை வைத்துப் பார்த்தாலே போதும். குறுக்குக்கோட்டை நகர்த்தும் திருகுக் குமிழான டரட், கால் எம்.ஓ.ஏ. (எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) கிளிக் என்றால் 50 மீட்டரில் ஒரு கிளிக்குக்கு ஏறக்குறைய 3.6 மி.மீ., 20 கிளிக்குக்கு 73 மி.மீ. மேலே 20, வலது 20, கீழே 20, இடது 20 திருகினால் குறுக்குக்கோடு சதுரம் போட்டுத் தொடங்கிய புள்ளிக்கே திரும்ப வேண்டும். உங்கள் ஸ்கோப்பில் மேலே திருகியபோது முதல் 7 கிளிக்குக்குக் கோடு அசையவே இல்லை. காதுக்குச் சத்தம் மட்டும் கேட்டது. எட்டாவதில் துள்ளி ஏறி, 20 முடிந்தபோது 51 மி.மீ.யில் நின்றது. சதுரம் முடிந்ததும் தொடங்கிய புள்ளிக்கு 22 மி.மீ. தள்ளி நின்றது. அப்போது ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் டரட் பக்கம் லேசாக ஒரு தட்டுத் தட்டினோம். கண் முன்னாலேயே கோடு இன்னொரு கட்டம் இறங்கியது.

அந்தத் தட்டில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. வெளிக்குழாய்க்குள் இன்னொரு சிறு குழாய் இருக்கிறது, குறுக்குக்கோடு நகர்வது அதனால்தான். மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் இரண்டு டரட் திருகு அதைத் தள்ளுகின்றன, எதிர்ப்புறம் ஒரு ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளுகிறது. ஸ்பிரிங் பலவீனமாகவோ, உரசும் முகம் சொரசொரப்பாகவோ இருந்தால் சிறு குழாய் பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். அடுத்த அதிர்வில் விடுபடும். நாங்கள் பிடியால் தட்டியதை 12 போர் ஒவ்வொரு வெடியிலும் பல மடங்கு பலமாகச் செய்கிறது. இது மாட்டியவன் தவறு இல்லை. 1 ஸ்பிரிங்கில் நீங்கள் மிச்சம் பிடித்த காசு.

இரண்டாவது ஸ்கோப்பில் சதுரம் ஓரளவு சரியாக வந்தது. ஆனால் ஜூம் வளையத்தை 4-லிருந்து 16-க்குத் திருப்பும்போது குறுக்குக்கோட்டின் மையம் அதே அட்டையில் 40 மி.மீ. நகர்கிறது. 4-இல் ஜீரோ போட்டவன் 4-ஐத் தாண்டவே முடியாது என்றால் 16-க்கு எதற்குக் காசு?

அடுத்து அளவு. பெட்டியிலும் விளம்பரத்திலும் "50 மி.மீ." என்று கொட்டை எழுத்து. முன் லென்ஸின் விளிம்பை அளந்தால் 50 இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஜூமை 16-இல் வைத்து, கண் லென்ஸ் பக்கம் அரை மீட்டர் தள்ளி டார்ச் அடித்து, முன் லென்ஸை ஒட்டி டிரேசிங் காகிதம் பிடித்தால் வெளிச்ச வட்டம் 41 மி.மீ. அளவுக்குத்தான் விழுகிறது. காலிப்பரில் மூன்று முறை அளந்தோம், இரண்டு ஸ்கோப்பிலும் அதே கதை. உள்ளே ஒரு தடுப்பு வளையம் வைத்து விளிம்பு ஒளியை வெட்டியிருக்கிறீர்கள். மட்டமான லென்ஸின் ஓரக் கலங்கலை மறைக்கச் செய்யும் பழைய வேலை இது. 16-இல் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 3.1 மி.மீ. வர வேண்டிய இடத்தில் 2.6 மி.மீ.யாகச் சுருங்குகிறது. "முழுவதும் பல அடுக்குப் பூச்சு" என்பதும் அப்படித்தான். டியூப் லைட்டின் கீழ் சாய்த்துப் பார்த்தால் பச்சையும் ஊதாவுமாகத் தெரிய வேண்டிய பிரதிபலிப்புகளுக்கு நடுவே இரண்டு வெள்ளை வெளேரென்று தெரிகின்றன. அந்த இரண்டு முகத்துக்கும் பூச்சே இல்லை. பூச்சில்லாத ஒரு கண்ணாடி முகம் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பி அடித்துவிடும்.

கண் இடைவெளி (முழுக்காட்சி தெரிய ஸ்கோப்பிலிருந்து கண் தள்ளி இருக்க வேண்டிய தூரம்) இதைவிட ஆபத்து. விளம்பரம் 100 மி.மீ. என்கிறது. முன்னாலிருந்து வெளிச்சம் விட்டு, பின்னால் காகிதத்தை முன்னும் பின்னும் நகர்த்தி, ஒளிப்புள்ளி மிகச் சிறியதாகவும் கூர்மையாகவும் விழும் இடத்தை அளந்தால் 16-இல் 72 மி.மீ. 12 போருக்கு 90-க்குக் கீழே இருந்தால் வெடியின் உதைப்பில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைப் பிளந்துவிடலாம். மேட்டை நோக்கி மேலே சுடும்போது இன்னும் நெருங்கும். இதைத் தெரிந்தே விற்றீர்களா, தெரியாமல் விற்றீர்களா என்று கேட்க விருப்பமில்லை.

மூன்றாவது காரணமான பனி. ஏர்கோன் அறையிலிருந்து துப்பாக்கியை விடியற்காலையில் வெளியே எடுத்தால் எந்த ஸ்கோப்பின் வெளிக் கண்ணாடியிலும் பனி பிடிக்கும். துணியால் துடைத்தால் போய்விடும், அதற்கு யாரும் புகார் எழுத மாட்டார்கள். நாங்கள் சொல்வது உள்ளே பிடிக்கும் பனி. டரட் மூடிகளை இறுக்கி, கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீர் வாளியில் ஸ்கோப்பை முக்கினோம். உள்ளே காற்று விரிந்ததும் ஜூம் வளையத்தின் அடியிலிருந்து கடுகு கடுகாகக் குமிழிகள் வரிசை பிடித்து ஏறின, இரண்டு நிமிடம் நிற்கவில்லை. நைட்ரஜன் அடைத்த ஸ்கோப் என்று எழுதியிருக்கிறீர்கள். குமிழி வெளியேறும் வழியில்தான் இந்த ஊர் ஈரக்காற்றும் உள்ளே போகும். போனால் சில மாதத்தில் லென்ஸில் சிலந்தி வலை போலப் பூஞ்சை படரும். அது பூச்சையே தின்றுவிடும், துடைத்துச் சரிசெய்ய முடியாது.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாரலாக்ஸை (கண் ஓரத்துக்குப் போனால் குறி நகர்ந்து தெரியும் பிழையை) 100 கெஜத்துக்கு நிலையாகச் சரிசெய்து வைத்திருப்பதை நாங்கள் குற்றமாகச் சொல்லவில்லை. 40 மீட்டரில் கண் ஓரத்துக்குப் போனாலும் அதிகபட்சப் பிழை 14 மி.மீ. அளவுதான், பன்றிக்கு அது பொருட்டில்லை.

பொருட்டானது வேறு. இங்கே செம்பனை 9 மீட்டர் முக்கோண நடவு. கண் போகும் தூரமே அறுவடைப் பாதையின் நீளம்தான். உங்கள் ஸ்கோப்பை 4-க்கு இறக்கினாலும் 30 மீட்டரில் தெரியும் அகலம் இரண்டரை மீட்டர். முக்கால் ஆள் நீளப் பன்றி பாதையைத் தாண்டி ஓடும்போது குறுக்குக்கோடு அதைப் பிடிப்பதற்குள் அடுத்த நிரைக்குள் போய்விடும். 50 மி.மீ. லென்ஸுக்கு உயரமான ரிங் வேண்டும். உயரமான ரிங் போட்டால் கன்னம் துப்பாக்கிக் கட்டையை விட்டு எழும்பும், ஒவ்வொரு முறையும் தலை வேறு இடத்தில் நிற்கும். 4 பவருக்கு 50 மி.மீ. தரும் ஒளிக்கற்றை 12.5 மி.மீ., ஆனால் மனிதக் கண் இருட்டில் விரிவதே 7 மி.மீ. வரைதான். ஐம்பது வயது தாண்டியவருக்கு 5 வந்தாலே அதிகம். மீதி வெளிச்சம் கன்னத்தில் விழும். இந்த வேலைக்கு 1-4×24 அல்லது 2-7×32 போதும். தடித்த குறுக்குக்கோடும், எல்லா பவரிலும் 90 மி.மீ.க்குக் குறையாத கண் இடைவெளியும் இருக்க வேண்டும். அதே 780 வெள்ளியில் பவரைக் குறைத்து ஸ்பிரிங்கிலும் சீலிலும் காசைப் போட்டிருந்தால் அதுதான் காசுக்கேற்ற சரக்கு. கேட்டவனுக்கு இதைச் சொல்வது உங்கள் விற்பனையாளரின் கடமை.

இனி உங்கள் இரண்டாவது காரணமான வாரண்டி. அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் "12 போருக்குப் பொருந்தாது" என்று இருப்பதைப் பெட்டி திறந்த பிறகுதான் பார்க்க முடிந்தது. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இன் 32-ஆம் பிரிவு பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. 33-ஆம் பிரிவு, வாங்குபவர் சொன்ன தேவைக்குப் பொருந்த வேண்டும் என்கிறது. 34-ஆம் பிரிவு வர்ணனைக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது. இந்த உரிமைகளை அட்டையில் எழுதி விலக்க முடியாது என்பது அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவு.

எனவே முழுத்தொகை 1,744 வெள்ளியை 14 நாளுக்குள் ரசீதில் உள்ள வங்கிக் கணக்கில் போடுங்கள். மாற்று ஸ்கோப் வேண்டாம், பழுது பார்த்தும் தர வேண்டாம். பணம் வந்ததும் இரண்டு ஸ்கோப்பையும் உங்கள் செலவில் கூரியர் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம். பெயிண்ட் கோட்டை அழிக்காமல் வைத்திருக்கிறோம், உங்கள் டெக்னீஷியனும் பார்க்கட்டும். தவணை தவறினால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் பாரம் 1 (மனுப் படிவம்) போடுவோம். அதற்கு 5 வெள்ளிதான் கட்டணம், வழக்கறிஞர் தேவையில்லை. வைஸையும் வாளியையும் அங்கேயே கொண்டுவந்து செய்து காட்டத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
லைசென்ஸ்தாரர்கள் இருவர்