ஓட்டலுக்கு எவ்வளவு, டிரைவருக்கு எவ்வளவு? பிரித்து எழுதிக் கொடுங்கள்

சென்னையில் வெளிநாட்டுப் பயணம் ஏற்பாடு செய்து தரும் டிராவல் ஏஜென்சிக்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஐம்பது பேர் ஒரே பஸ்ஸில் போகிற குழுப் பயணத்தைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. குடும்பமாக ஆறு பேர், எட்டு பேர் சேர்ந்து, அம்மாவுக்குப் படி ஏற முடியாது, குழந்தைக்கு மதியம் தூக்கம் வேண்டும் என்றெல்லாம் சொல்லி, தனி வண்டி, தனி டிரைவர், நாமே தேர்ந்தெடுத்த ஊர்கள் என்று போகிறோமே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதற்கு நீங்கள் அனுப்பும் கொட்டேஷனில் பக்கம் பக்கமாகப் படங்கள் இருக்கின்றன, கடைசியில் ஒரே ஒரு தொகை இருக்கிறது. "தலைக்கு இவ்வளவு, ஃபோர் ஸ்டார் ஆர் சிமிலர், பிரைவேட் வெஹிக்கிள் வித் டிரைவர்." அவ்வளவுதான். அந்தத் தொகையில் ஓட்டலுக்கு எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு, டிரைவருக்கு எவ்வளவு என்று எங்கேயும் இருப்பதில்லை. கேட்டால் "எல்லாம் சேர்த்துத்தான் சார், நீங்க கவலையே படாதீங்க" என்கிறீர்கள்.

வண்டிக் கணக்கு சென்னைக்காரர்களுக்குப் புதிதில்லை. திருப்பதிக்கு ஒரு இன்னோவா எடுத்தால்கூட நாள் வாடகை, கிலோமீட்டருக்கு இவ்வளவு, டிரைவர் பேட்டா, டோல், ஆந்திரா பர்மிட், ராத்திரி தங்கினால் அதற்குத் தனி என்று எல்லாவற்றையும் பேசி முடித்த பிறகுதான் வண்டி தெருமுனைக்கே வரும். இறங்கும்போது டிரிப் ஷீட்டில் ஆரம்ப கிலோமீட்டர், முடிவு கிலோமீட்டர் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறோம். ஒரு நாள் திருப்பதிக்கு இவ்வளவு தெளிவு இருக்கும்போது, பல லட்சம் கொடுத்து இலங்கைக்கோ பாலிக்கோ போகிறவர்களுக்கு ஏன் இல்லை?

எனக்கு இதில் கோபம் வந்தது இலங்கையில், நுவரெலியாவில். கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர், ராத்திரியில் நல்ல குளிர். எங்களுக்குப் போட்டிருந்தது ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸ், அறைகள் நன்றாகவே இருந்தன. காலையில் ஆறு மணிக்கு அம்மா டீ கேட்க வெளியே வந்தபோது, வேன் கண்ணாடி முழுக்க உள்பக்கம் பனி படிந்திருந்தது, டிரைவர் பின் சீட்டிலிருந்து எழுந்து துண்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ராத்திரி எங்கப்பா படுத்தே?" என்று அம்மா கேட்டதற்கு, "வேன்லதான்மா, இங்க டிரைவர் ரூம் இல்ல" என்றார் சாதாரணமாக. அன்றைக்கு அவர் எங்களை வைத்துக்கொண்டு மலை இறங்கி 'எல்லா' என்ற ஊருக்கு ஓட்ட வேண்டும். வளைவுக்கு மேல் வளைவு. சரியாகத் தூங்காத ஒருவர் கையில் எங்கள் எட்டு உயிர்.

அந்த ஏஜென்சியின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் நடந்தது என்ன என்பது விசாரித்தபோது புரிந்தது. இலங்கையில் பெரிய ஓட்டல்கள் பலவற்றில் டிரைவர்கள் தங்கத் தனி இடம் உண்டு, சாப்பாடும் உண்டு. சின்ன கெஸ்ட் ஹவுஸ்களிலும் வில்லாக்களிலும் பெரும்பாலும் அது கிடையாது. அங்கே டிரைவருக்கு வெளியே ஒரு அறை எடுக்க வேண்டும், அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். ஏஜென்சி ஓட்டலில் செலவைக் குறைத்துக் கொட்டேஷனைக் கவர்ச்சியாகக் காட்டியது, குறைந்த அந்தச் செலவு டிரைவர் தலையில் விழுந்தது. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எட்டு பேர் பிரித்துக் கொடுத்திருப்போம், ஆளுக்கு ஒரு சாப்பாட்டுச் செலவுகூட ஆகியிருக்காது.

ஓட்டல் பட்ஜெட்டும் டிரைவர் பட்ஜெட்டும் தனித்தனி விஷயமே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்றில் கை வைத்தால் இன்னொன்று நகர்கிறது. பாலியில் இதையே வேறு மாதிரிப் பார்க்கலாம். அங்கே வண்டியும் டிரைவரும் பெட்ரோலும் சேர்த்து நாளுக்கு 10 மணி நேரம் என்பதுதான் வழக்கமான பேச்சு, அதற்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் தனிக் காசு. விமான நிலையம் தெற்கே இருக்கிறது, உபுத் என்கிற ஊர் மேலே உள்பக்கம் இருக்கிறது, நடுவில் நெரிசல். உபுதிலிருந்து ஒதுங்கி வயல் நடுவே மலிவாக ஒரு வில்லா போட்டுக் கொடுத்தால் படத்தில் அழகாகத்தான் இருக்கும், ஆனால் ராத்திரி சாப்பிட ஊருக்குள் வருவதற்கும் வண்டி வேண்டும், பத்து மணி நேரம் தாண்டிவிடும். அறையில் மிச்சம் பிடித்தது வண்டியில் போய்விடும். சிங்கப்பூரிலும் டோக்கியோவிலும் கதை நேர் எதிர். ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் கொஞ்சம் கூடுதல் விலைக்கு ஓட்டல் எடுத்துவிட்டால் விமான நிலையத்துக்குப் போக, வர மட்டும் வண்டி போதும். அங்கே நாள் முழுக்கத் தனி வண்டி போட்டுக் கொடுப்பது, நடக்கவே முடியாத பெரியவர்கள் இருந்தால் ஒழிய, பணத்துக்குக் கேடு. இதைச் சொல்ல வேண்டியது நீங்கள்தான். அதற்குத்தானே உங்களிடம் வருகிறோம்.

டிரைவரின் நேரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்கள் இட்டினரரிகளை, அதாவது நாள்வாரிப் பயணத் திட்டங்களை, கூகுள் மேப்பை மட்டும் பார்த்து எழுதுகிறீர்களோ என்று சந்தேகம் வருகிறது. கண்டியிலிருந்து நுவரெலியா 80 கிலோமீட்டருக்கும் குறைவு, ஆனால் இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். கட்டுநாயக்க விமான நிலையத்தில் காலையில் இறங்கி, சிகிரியா ஏறி, தம்புள்ளை பார்த்து, ராத்திரி கண்டியில் தங்கல் என்று ஒரே நாளில் எழுதிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். சிகிரியாவில் மட்டும் 1,200 படிகள். அதற்கு நடுவில் எழுபது வயது அப்பா எங்கே உட்காருவார், டிரைவர் எப்போது சாப்பிடுவார்? ஐரோப்பாவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. டிரைவரையும் சேர்த்து ஒன்பது பேருக்கு மேல் ஏறும் வண்டி என்றால், ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஒரு டிரைவர் ஒரு நாளில் பொதுவாக 9 மணி நேரம்தான் ஓட்டலாம், நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் இடைவேளை, இரவில் 11 மணி நேர ஓய்வு, சில நாள் மட்டும் அதில் சலுகை. இது 2006-ஆம் ஆண்டின் 561-ஆம் எண் விதி. பன்னிரண்டு பேர் குடும்பமாகப் போனால் இதற்குள் வந்துவிடுவோம். காலை ஏழுக்குக் கிளம்பி ராத்திரி பதினொன்றுக்குத் திரும்புகிற மாதிரித் திட்டம் போட்டுவிட்டு, அங்கே போன பிறகு "டிரைவர் வர மாட்டேங்கிறார்" என்று போனில் சொன்னால் தப்பு டிரைவர் மேல் இல்லை.

அப்புறம் கமிஷன் கடைகள். நகைக்கல் கடை, மசாலாத் தோட்டம், பத்திக் துணிக் கடை, மரச் சிற்பக் கடை, எந்த ஊர் போனாலும் இது உண்டு. டிரைவர் ஆசைப்பட்டுக் கூட்டிப் போகிறார் என்று நம்மவர்கள் திட்டுகிறார்கள். நீங்கள் அங்கேயுள்ள டிஎம்சி-யிடம், அதாவது உள்ளூரில் ஏற்பாடுகளைச் செய்து தரும் நிறுவனத்திடம், விலையை அடித்துக் குறைக்கிறீர்கள், அவர்கள் வண்டிக்காரரிடம் குறைக்கிறார்கள், கடைசியில் டிரைவருக்கு நாள் கூலியாக என்ன மிஞ்சுகிறது? கடைக்காரர் கொடுக்கிற கமிஷனை வைத்துத்தான் அவர் வீட்டுக்கு ஏதாவது கொண்டுபோக முடியும் என்ற நிலையில் விட்டால், அவர் எங்களைக் கடைக்குத்தான் கூட்டிப் போவார். கடையில் போகிற ஒன்றரை மணி நேரம் எங்கள் காசு. டிரைவருக்கு நியாயமான தொகை போடுங்கள், டிப்ஸ் அந்த நாட்டில் வழக்கமா, எவ்வளவு கொடுப்பது மரியாதை என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். ஜப்பானில் டிப்ஸ் வழக்கமே இல்லை என்பதையும் அதே இடத்தில் சொல்லிவிடலாம்.

ஓட்டல் கணக்குக்கு வருகிறேன். அங்கே போய்க் கட்ட வேண்டிய வரிகளை நீங்கள் சேர்ப்பதே இல்லை. மலேசியாவில் வெளிநாட்டவர்களுக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி. துபாயில் ஓட்டலின் தரத்தைப் பொறுத்து அறைக்கு இரவுக்கு 7 முதல் 20 திர்ஹாம். இந்தோனேசியாவில் அறை வாடகைக்குப் பக்கத்தில் இரண்டு பிளஸ் குறி போட்டிருந்தால், பொதுவாக 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதையும் சேர்த்த தொகைக்கு 10 சதவீதம் வரி, ஆக 100 டாலர் அறை 121 டாலர். பாலிக்குள் நுழைய 2024 பிப்ரவரி முதல் ஆளுக்கு 1,50,000 ருப்பியா தனி. ரோமில் 2023 அக்டோபரிலிருந்து த்ரீ ஸ்டார் ஓட்டல் என்றால் தலைக்கு ஓர் இரவுக்கு 6 யூரோ, ஆறு பெரியவர்கள் நாலு இரவு தங்கினால் 144 யூரோ. இது ரிசப்ஷனில் நின்றுகொண்டு முதல்முறையாகக் கேள்விப்பட வேண்டிய தொகையா?

சென்னையிலிருந்து கோலாலம்பூர், சிங்கப்பூர் போகிற பல விமானங்கள் நள்ளிரவை ஒட்டிக் கிளம்புகின்றன, விடியும்போது போய் இறங்குகிறோம். அறை கிடைப்பது மதியம் இரண்டு அல்லது மூன்று மணிக்கு. நடுவில் பெட்டிகளோடு லாபியில் பாட்டியும் பேரனும் உட்கார்ந்திருக்கிறார்கள். முந்தின இரவுக்கும் சேர்த்து ஓர் அறை மட்டும் போட்டால் இவ்வளவு ஆகும், வேண்டுமா வேண்டாமா என்று கேளுங்கள். சிலர் வேண்டாம் என்பார்கள், சிலர் வேண்டும் என்பார்கள், கேட்காமல் விடுவதுதான் பிரச்சினை. சீசன் விஷயமும் அப்படித்தான். நம் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே. ஏப்ரலில்தான் நுவரெலியாவில் சீசன், புத்தாண்டை ஒட்டிக் கொழும்பே அங்கே இடம்பெயர்ந்த மாதிரி இருக்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை ஜப்பானில் கோல்டன் வீக் என்கிற தொடர் விடுமுறை, உள்ளூர்க்காரர்களுக்கே அறை கிடைக்காது. பத்து நாள் தள்ளிப் போனால் ஓட்டல் செலவு இறங்கும் என்று தெரிந்தும் சொல்லாமல் இருப்பது சரியில்லை.

ரூபாய்க் கணக்கையும் திறந்து வையுங்கள். டாலரில் வாங்கி ரூபாயில் விற்கிறீர்கள், எந்தத் தேதி ஆர்ஓஇ (நாணய மாற்று விகிதம்), அது மாறினால் யார் பொறுப்பு என்று ஒரு வரி வேண்டும். ஜிஎஸ்டி தனியாக, டிசிஎஸ் (பயணப் பணத்தோடு நீங்கள் முன்கூட்டியே பிடிக்கிற வருமான வரி) தனியாக. 2020 அக்டோபரில் வந்த டிசிஎஸ் விகிதம் அதன் பிறகு மாறிக்கொண்டே இருக்கிறது, அதுகூடப் பரவாயில்லை. ஆனால் அது செலவே அல்ல, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்ப வாங்கலாம். யாருடைய பான் எண்ணில் பிடிக்கிறீர்கள் என்று சொன்னால்தான் அது முடியும்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். பிரித்துக் கொடுத்தால் வாடிக்கையாளர் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு பக்கத்து ஏஜென்சிக்குப் போவார், ஓட்டலை ஆன்லைனில் தானே போட்டுக்கொள்வார் என்ற பயம். அப்படிச் செய்பவர்கள் உண்டு. அதற்காக உங்கள் சேவைக் கட்டணத்தைத் தனி வரியாகவே போடுங்கள், முன்பணமாகக் கொஞ்சம் வாங்கிக்கொண்ட பிறகே முழு விவரத்தையும் கொடுங்கள், நான் கொடுப்பேன். ராத்திரி ஒரு மணிக்கு வண்டி வரவில்லை என்றால் போனை எடுக்க ஒருவர் இருக்கிறார் என்பதற்குக் காசு கொடுப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

அடுத்த கோடை விடுமுறைக்கான விசாரிப்புகள் ஜனவரியிலேயே உங்களிடம் வரத் தொடங்கிவிடும். அதற்குள் எல்லாவற்றையும் மாற்ற முடியாவிட்டாலும், கொட்டேஷனில் நாலு விஷயமாவது ஏறட்டும்: ஒவ்வொரு ஊரிலும் ஓட்டலின் பெயர், டிரைவர் நாளுக்கு எத்தனை மணி நேரம் ஓட்டுவார், ராத்திரி அவர் எங்கே படுப்பார், அதற்கு யார் பணம் கட்டியிருக்கிறார்கள்.