ஊர்த் தேவைக் கணக்கெடுப்பு: ஞாயிறு காலை 10 மணி

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த ஆண்டுத் திட்டங்களை முடிவு செய்யும் முன் தேவைக் கணக்கெடுப்பு நடத்துகிறோம். போன முறை நாலு பேர் உட்கார்ந்து நாமே முடிவு செய்து மாலை வகுப்பு தொடங்கினோம். பிள்ளைகள் வீடு திரும்ப அந்த நேரத்தில் பேருந்து இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

இடம்: சமுதாயக் கூடம்

1. வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள். பெண்கள், இளைஞர்கள், முதியோர் தனித்தனியாகப் பேசுவார்கள். சேர்ந்து உட்கார்ந்தால் வழக்கமாகப் பேசுகிறவர்களே பேசுவார்கள், தெரிந்ததுதானே.
2. தரையில் ஊர் வரைபடம் வரைவோம். இல்லாததோடு இருப்பதையும் குறிப்போம்: கிணறு, காலிக் கட்டடம், தையல் தெரிந்தவர்கள்.
3. வீடுகளுக்குப் போகிறவர்கள் "என்ன வேண்டும்?" என்று கேட்காதீர்கள், பட்டியல்தான் நீளும். "போன மாதம் எதற்காக வெளியூர் அலைந்தீர்கள்?" என்று கேளுங்கள்.
4. கைப்பேசி இல்லாதவர்கள், தனியாக வசிப்பவர்கள் விவரத்தை எனக்குத் தனியாக அனுப்புங்கள். குழுவில் போட வேண்டாம்.
5. கடைசியில் ஆளுக்கு 3 கூழாங்கல். முக்கியம் என்று நினைப்பதன் மேல் வையுங்கள்.

வீடு வீடாகப் போக 8 பேர் தேவை. வெள்ளி இரவுக்குள் "வருகிறேன்" என்று எழுதுங்கள். கட்டைவிரல் படம் போட்டால் கணக்கில் சேர்க்க மாட்டேன்!