தங்கவயலை டூரிஸ்ட் ஸ்பாட் ஆக்கப் போறவங்களுக்கு ஒரு திறந்த மடல்: முதல்ல வீட்டுப் பத்திரம், அப்புறம் டிக்கெட்

ஐயா, அம்மா, எல்லாருக்கும் வணக்கம்.

நீங்க நடத்தின கருத்துக் கேட்பு கூட்டத்தைப் பத்தித்தான் எழுதுறேன். கர்நாடகாவுல தங்கச் சுரங்கம் மூடிப் போன எங்க ஊரு கோலார் தங்கவயலை பாரம்பரிய சுற்றுலாத் தலமா மாத்துறதைப் பத்தி உள்ளூர் ஜனங்க என்ன நினைக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்கணும்னு கூப்பிட்டீங்க, சந்தோஷம், எங்க மனசுல என்ன இருக்குன்னு கேட்டு ஒருத்தர் வந்ததே பெரிய விஷயம். ஆனா கூட்டம் வெச்சது வேலை நாள்ல காலையில பதினோரு மணிக்கு. அந்த நேரத்துல ஊர்ல வேலைக்குப் போற வயசுல இருக்கிறவங்கள்ல பாதி பேர் பெங்களூர்ல இருப்பாங்கன்னு, மாரிக்குப்பம் ஸ்டேஷன்ல விடிகாலை ரயிலுக்கு நிக்கிற கூட்டத்தை ஒரு தடவை பார்த்தவங்களுக்கே தெரியும். வந்தவங்க வயசான பெரியவங்களும் அம்மாங்களும்தான். அவங்க கையில ஒரு ஃபாரம் குடுத்தீங்க, சுற்றுலா வந்தா வேலைவாய்ப்பு பெருகும்னு நினைக்கிறீங்களா, ஆமா, இல்ல, தெரியாது. இதுக்கு யாருங்க இல்லன்னு டிக் போடுவாங்க? இப்ப என்னடான்னா பெரும்பாலான மக்கள் ஆதரவுன்னு ரிப்போர்ட் ரெடியாகுதுன்னு சொல்றாங்க.

அந்த ஃபாரத்துல இல்லாத ஒரு கேள்வியை நான் கேக்கிறேன். எங்க வீட்டுக்குப் பத்திரம் எப்ப குடுப்பீங்க?

பழைய கதையெல்லாம் உங்களுக்கே தெரியும். 2001 பிப்ரவரி 28-ம் தேதியோட மைன்ஸை மூடினது, பம்ப் நின்னு சுரங்கத்துக்குள்ள இறங்குற ஷாஃப்ட் எல்லாம் தண்ணி ரொம்பினது, மூடினதை எதிர்த்துப் போட்ட கேஸு கோர்ட்டு கோர்ட்டா அலைஞ்சது, இதெல்லாம் நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல. மைன்ஸ் போச்சு, வீடாவது இருக்கேன்னு ஜனங்க அதுலயே ஒண்டிக்கிட்டு இருக்காங்க. எங்க ஆயா காலத்துல தட்டி வீடு, அப்புறம் மைன்ஸ் கம்பெனி வரிசையா கட்டின பத்துக்குப் பத்து ரூம், அந்த வரிசையைத்தான் லைன்னு சொல்றோம், முன்னாடி இருக்கிற துண்டு இடத்தை மறைச்சு அடுப்படி. வந்து அளந்துட்டுப் போனாங்க, போட்டோ புடிச்சாங்க, செவுத்துல நம்பர் போட்டாங்க. எங்க லைன்ல இன்னும் ஒருத்தர் கைக்கும் பத்திரம் வரல.

பத்திரம் இல்லாததுனால என்ன ஆகுதுன்னு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்றேன், மத்ததை விட்டுடலாம். எங்க வீட்டுல கக்கூஸ் கிடையாது. லைன்ல யாரு வீட்டுலயும் கிடையாது. லைன் கடைசியில கம்பெனி காலத்து பொதுக் கக்கூஸ் ஒண்ணு, பொம்பளைங்களுக்கு நாலு அறை, அதுல ரெண்டுக்குக் கதவு இல்ல, ஒண்ணு அடைச்சுப் போயி கிடக்குது. எங்கம்மாவுக்கு சர்க்கரை, கூடவே முட்டி வலி, ராத்திரியில அடிக்கடி எழுந்துக்கணும். ஒரு கையில டார்ச்சு, ஒரு கையில தண்ணி, மழை பேஞ்சா குடையை எதுல புடிக்கிறது? பக்கத்து வீட்டு அக்காவைத் தட்டி எழுப்பும். தனியாப் போக முடியாது, இருக்கிற ஒரு நல்ல அறையில ஆள் இருந்தா கதவில்லாததுலதான் போகணும், ஒருத்தர் உள்ள போனா இன்னொருத்தர் வெளிய துப்பட்டியை விரிச்சுப் புடிச்சுக்கிட்டு நிக்கணும். தூக்கத்துல எழுப்புறோமேன்னு கூச்சப்பட்டுக்கிட்டு சாயங்காலத்துக்கு மேல எங்கம்மா தண்ணி குடிக்கிறதையே விட்டுடுச்சு. டாக்டர் திட்டுறாரு, அது தலையை ஆட்டிட்டு வந்துடுது.

வீட்டுக்குப் பின்னாடி நாலடி இடம் இருக்குது, காசும் கொஞ்சம் சேர்த்து வெச்சிருக்கேன். மானியம் கிடைக்குமான்னு ஒரு ஆபீஸுக்குப் போனேன், வீடு உங்க பேர்ல இருக்கான்னாங்க, கம்பெனி வீடுங்கன்னேன், அப்ப கம்பெனிகிட்ட நோ அப்ஜெக்ஷன் வாங்கிட்டு வாங்கன்னாங்க. கம்பெனி தரப்புல ஒருத்தரைத் தேடிப் புடிச்சுக் கேட்டா, மூடின கம்பெனிக்கு நான் எப்படிப்பா கையெழுத்துப் போடுறதுன்றாரு. கையெழுத்துப் போடறதுக்கு கம்பெனி இல்ல, ஆனா வீட்டுக்கு ஓனர் மட்டும் இன்னும் அதுதான்.

இந்த நிலைமையில உக்காந்துக்கிட்டு கூட்டத்துல நீங்க காட்டுன ஸ்லைடைப் பார்க்கிறேன். தொழிலாளர் லைன் வீடுகளின் வெளித்தோற்றம் மாறாமல் பாதுகாக்கப்படும்னு போட்டிருந்துச்சு. வயித்துல புளியக் கரைச்ச மாதிரி ஆயிடுச்சு. இன்னிக்கு பத்திரம் இல்லன்னு ஒரு செங்கல் வைக்க விடல, நாளைக்கு பாரம்பரியக் கட்டடம்னு சொல்லி வைக்க விட மாட்டீங்க, அப்ப எப்பத்தான் நாங்க கட்டுறது? அடுத்த ஸ்லைடுல, ஷாஃப்ட் பக்கத்துல பார்வையாளர்களுக்கு நவீன கழிப்பறை, குடிநீர், வீல்சேர் போக சரிவுப் பாதை, எல்லாமே முதல் கட்டத்துல. நல்லதுதான், வர்றவங்களுக்கு வசதி வேணும். ஒரு மத்தியானம் வந்து போறவங்களுக்கு முதல் கட்டம், நாலு தலைமுறையா இருக்கிறவங்களுக்கு "பின்னர் பரிசீலிக்கப்படும்". ஹெரிடேஜ் வாக் எங்க லைன் வழியாத்தான் போகுதுன்னு மேப்புல சிவப்புக் கோடு வேற. ராத்திரி டூர் மட்டும் வெச்சுடாதீங்க, எங்கம்மா டார்ச்சோட எதிர்ல வரும்.

நாங்க டூரிசத்துக்கு எதிரின்னு எழுதிடாதீங்க. வேணாம்னு சொல்றவங்க எங்க லைன்ல கம்மி. பசங்களுக்கு ஆசை இருக்கு, தினமும் ரயில்ல போயி வந்து அலுத்துப் போனவங்க, உள்ளூர்லயே ஒரு வேலை கிடைச்சா காலைத் தொட்டுக் கும்புடுவாங்க. கடை வெச்சிருக்கிறவங்களுக்கும் ஆசைதான். பெரியவங்க பயப்படுறாங்க, பாதுகாக்கிறோம்னு சொல்லிட்டு கடைசியில காலி பண்ணச் சொல்லுவாங்கன்னு. சிலருக்கு கோவம், எங்க நைனா இருமி இருமி செத்ததை டிக்கெட் போட்டுக் காட்டப் போறீங்களான்னு கேக்குறாங்க. அதே ஆளு, அடுத்த நிமிஷம், மூணு கிலோமீட்டருக்குக் கீழ இறங்கி வேலை செஞ்சவங்கடா நாங்கன்னு நெஞ்சை நிமித்துறாரு. பயம், பெருமை, ஆசை, கோவம் எல்லாம் ஒரே ஆளுக்குள்ள இருக்குதுங்க, இதை ஆமா, இல்ல, தெரியாதுன்னு மூணு கட்டத்துல எப்படி அடைப்பீங்க?

அப்புறம் கதைன்னு ஒண்ணு இருக்கே. உங்க ஸ்லைடுல வெள்ளைக்காரங்க காலத்துல மைன்ஸை நடத்தின ஜான் டெய்லர் கம்பெனி வந்துச்சு, இந்த ஊருக்குச் சொன்ன லிட்டில் இங்கிலாந்துங்கிற பேர் வந்துச்சு, கிளப், கோல்ஃப் கிரவுண்ட், சர்ச், பங்களா எல்லாம் வந்துச்சு. காவிரித் தண்ணியில கரண்ட் எடுக்கிற சிவசமுத்திரத்துல இருந்து 1902-ல தங்கவயலுக்குக் கரண்ட் வந்துச்சு, பெங்களூருக்கே 1905-லதான் வந்துச்சுன்னு பெருமையாச் சொன்னீங்க. நிஜந்தான். அந்தக் கரண்ட் முதல்ல யாருக்கு வந்துச்சு, மிஷினுக்கும் பங்களாவுக்கும், லைன்ல அப்பவும் சிமினி விளக்குதான். வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கமிருந்து பஞ்சம் பொழைக்க வந்த எங்க ஜனங்க, அதுல பெரும்பாலானவங்க ஊர்ல சேரின்னு ஒதுக்கி வெச்சவங்க, அவங்க தோண்டினது 800 டன்னுக்கு மேல தங்கம். அவங்களைப் பத்தி ஒரே ஒரு போட்டோ, கூண்டுல இறங்குற மாதிரி, கீழ "தொழிலாளர்கள்"னு மட்டும்.

1930-ல கைரேகை எடுக்கிறதை எதிர்த்து மொத்த வயலும் வேலையை நிறுத்தினதைக் காணோம். 1946 நவம்பர்ல போலீஸ் சுட்டு ஆறு பேர் செத்ததைக் காணோம், வருஷா வருஷம் நாங்க மாலை போடுறோமே. தலித் மக்களுக்கு பௌத்தம் சொன்ன அயோத்திதாசப் பண்டிதர் காலத்துலயே மாரிக்குப்பத்துல பௌத்த சங்கம் நடந்துச்சு, அண்டர்கிரவுண்ட்ல வேலை செஞ்சவங்க ஷிப்ட் முடிஞ்சு வந்து பேப்பர் படிச்சு விவாதம் பண்ணாங்க, அது பாரம்பரியம் இல்லையா? இங்க சாம்பியன் ரீஃப் சுரங்கத்துல அத்தனை ஆழத்துல வெச்சு 1965-ல நியூட்ரினோங்கிற கண்ணுக்குத் தெரியாத துகளையே பதிவு பண்ணாங்க, அந்த சாமானை எல்லாம் கீழ இறக்கினது யாரு? முதல்ல இங்க தங்கம் தோண்ட லைசென்ஸ் வாங்கின லாவெல் பேர்ல பெங்களூர்ல ஒரு ரோடே இருக்குது. நாங்க ரோடு கேக்கல, பத்துக்குப் பத்துக்கு ஒரு பத்திரம் கேக்கிறோம்.

வெளிநாட்டு உதாரணம் நிறைய காட்டுனீங்க, நானும் ரெண்டு சொல்றேன். வேல்ஸ்ல பிளேனாவன்னு ஒரு ஊரு, அங்க பிக் பிட்னு நிலக்கரிச் சுரங்கம், 1980-ல மூடி 1983-ல மியூசியமாத் திறந்தாங்க. வர்றவங்களை 90 மீட்டர் கீழ கூட்டிட்டுப் போயி காட்டுறதுக்கு சுரங்கத்துல வேலை செஞ்சவங்களையே கைடா வெச்சாங்க. இன்னொண்ணு ஜப்பான்ல ஹாஷிமா தீவு, 2015-ல யுனெஸ்கோ பட்டியல்ல ஏறிச்சு, கொரியாவுல இருந்து கட்டாயப்படுத்திக் கொண்டாந்து வேலை வாங்கினவங்க கதையைச் சரியாச் சொல்லலன்னு 2021-ல அந்த யுனெஸ்கோ கமிட்டியே வருத்தம் தெரிவிச்சுது. நீங்க இதுல எந்த ஊரைப் பார்த்துப் பண்ணப் போறீங்க? நம்ம சுரங்கத்துல தண்ணி ரொம்பி நிக்கிறதால கீழ கூட்டிட்டுப் போக முடியாது, சரி, மேல நின்னு கதை சொல்லவாவது ஆள் வேணும்ல. மைன்ஸ் மூடும்போது இருவது வயசுல இருந்தவனுக்கே இப்ப நாப்பத்தஞ்சு. நல்லா வேலை தெரிஞ்ச மேஸ்திரிங்க, டிரில்லருங்க எழுவதைத் தாண்டிட்டாங்க, பாதிப் பேர் நெஞ்சுல கல்லுத்தூசி. மூணாவது கட்டம் வரைக்கும் அவங்க காத்திருக்க மாட்டாங்க.

சைனைட் மலையை "சன்செட் பாயிண்ட்"னு போட்டிருக்கீங்களே, அதைச் சொல்லாம இருக்க முடியல. சினிமா ஷூட்டிங் வந்ததுல இருந்து அங்க ஏறி ரீல்ஸ் எடுக்கிறவங்க ஜாஸ்தியாயிட்டாங்க. சாமி, அது மலை இல்ல, தங்கத்தை எடுத்துட்டு சைனைட் கலந்த கழிவைக் கொட்டின குப்பை, காத்துக் காலத்துல அந்த மண்ணு காயப்போட்ட துணியில, சோத்துப் பானையில எல்லாம் வந்து உக்காரும். டூரிஸ்ட்டுக்கு மாஸ்க் குடுப்பீங்களாம், பிளான்ல இருக்குது. அப்படியே அந்த பஸ்ஸை எங்க லைன் பக்கமும் கொஞ்சம் நிறுத்தி மிச்சம் இருக்கிற மாஸ்க்கைக் குடுத்துட்டுப் போங்க, இலவசமா மூச்சு விட்டுக்கிட்டு இருக்கோம். அந்த மண்ணுல மிச்சம் தங்கம் இருக்குன்னு ஏலம் பேசுறதுக்கு எல்லாருக்கும் நேரம் இருக்குது, தார்ப்பாய் போட்டு மூட, மரம் வைக்க யாருக்கும் நேரம் இல்ல, எலக்‌ஷன் வந்தா மட்டும் மைன்ஸை மறுபடி திறப்போம்னு மைக்கு புடிக்கிறது, இதைக் கேட்டுக் கேட்டு எங்க காதே அடைச்சுப் போச்சு.

மன்னிக்கணும், எங்கயோ போயிட்டேன். நீங்க புதுசா வந்த அதிகாரிங்க, இதெல்லாம் நீங்க பண்ணினது இல்ல. மரியாதையாவே கேட்டுக்கிறேன்.

லைன் வீடுங்களைப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்க்கிறதுக்கு முன்னாடி, அதுல குடியிருக்கிறவங்க பேருக்குப் பத்திரம் பண்ணிக் குடுங்க. பின்னாடி இல்ல, முன்னாடி. வெளித்தோற்றம் மாறக்கூடாதுன்னா முன்பக்கத்தை நாங்க தொடல, நீங்களே கலர் சொல்லுங்க அடிச்சுக்கிறோம், பின்பக்கம் நாலடியில கக்கூஸ் கட்டிக்கலாம்னு விதியிலயே எழுதி வெச்சுடுங்க. அது வர்ற வரைக்கும் லைன் கடைசியில இருக்கிறதுக்குக் கதவு போட்டு ஒரு லைட்டு மாட்டிக் குடுத்தா புண்ணியமாப் போகும், அதுக்கு முதல் கட்டம் இரண்டாம் கட்டம்னு எதுவும் வேணாம், ஒரு கார்பெண்டர் போதும். கைடு வேலைக்கு மைன்ஸ்ல இருந்தவங்களையும் அவங்க பசங்களையும் முதல்ல எடுங்க. போர்டு எழுதும்போது கன்னடத்துல எழுதுங்க, இங்கிலீஷ்ல எழுதுங்க, தோண்டினவங்க பேசின தமிழ்லயும் ஒரு வரி எழுதுங்க.

அடுத்த கூட்டத்தை தயவுசெஞ்சு ஞாயித்துக்கிழமை வைங்க, சாயங்காலம் நாலு மணிக்கு மேல. அன்னிக்கு ரயிலுக்குப் போறவங்களும் வீட்டுல இருப்பாங்க. ஃபாரம் வேணாம், பத்திரம் எப்ப ரெடியாகும்னு தேதி போட்ட பேப்பரோட வாங்க, டீ செலவு எங்க லைனோடது.

இப்படிக்கு,
மாரிக்குப்பம் பக்கத்து லைன் வீட்டுல இருந்து ஒரு அண்டர்கிரவுண்ட் தொழிலாளி மகன்