உன் 8-1 அணி பற்றி ஒரு பதில்

அன்புள்ள நண்பனுக்கு,

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் உன் அணியைப் பற்றி எழுதிய கடிதம் கிடைத்தது. ஒன்பது ஆட்டத்தில் எட்டு வெற்றி என்றதுமே மார்ச் மாத தேசியப் போட்டிக்கு விமான டிக்கெட் தேட ஆரம்பித்துவிட்டாய் போலிருக்கிறது. கொஞ்சம் பொறுடா. இந்தத் தொடக்கத்தை நம்பலாமா என்று கேட்டிருக்கிறாய். 8-1 என்ற கணக்கை நம்பாதே. அந்த எட்டும் எப்படி வந்தன என்று ஆட்டத்தின் புள்ளிவிவரத் தாளான பாக்ஸ் ஸ்கோரைப் பிரித்துப் பார்த்தால் நம்பக்கூடியதும் கிடைக்கும், நம்பக்கூடாததும் கிடைக்கும்.

2022 நவம்பரை நினைத்துப் பார். சீசன் தொடங்கும் முன்பே, பத்திரிகையாளர்கள் வாக்களிக்கும் ஏ.பி. தரவரிசைப் பட்டியலில் முதலிடம் நார்த் கரோலைனாவுக்கு. முந்தைய ஏப்ரலில் இறுதி ஆட்டத்தில் கான்சஸிடம் 72-69 என்று தோற்ற அணி; தொடக்க ஐவரில் நால்வர் அப்படியே திரும்பி வந்திருந்தார்கள். கனெக்டிகட் அந்தப் பட்டியலின் 25 இடங்களில் எங்குமே இல்லை. வேறு கல்லூரிகளிலிருந்து மாறி வந்த புதுக் கார்டுகளை, அதாவது பந்தைக் கொண்டுபோகும் ஆட்டக்காரர்களை, வைத்துப் பின்வரிசையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தேங்க்ஸ்கிவிங் வாரத்தில் இரண்டு அணிகளும் போர்ட்லண்டில் ஒரே போட்டித்தொடரில் ஆடின. நார்த் கரோலைனா அயோவா ஸ்டேட்டிடம் 70-65, அலபாமாவிடம் நான்கு ஓவர்டைம் இழுத்து 103-101 என்று தோற்றது. அதே இரண்டு அணிகளையும் கனெக்டிகட் 71-53, 82-67 என்று வென்றது.

இதில் பலர் கவனிக்கத் தவறியது அதற்கு முந்தைய வாரங்களைத்தான். போர்ட்லண்டில் அந்தத் தோல்விகள் வரும்வரை நார்த் கரோலைனா 5-0. ஆனால் கார்ட்னர்-வெப்பை வென்றது 72-66 என்று, அதுவும் தன் சொந்த மைதானத்தில். ஊதித்தள்ள வேண்டிய அணியை ஆறு புள்ளியில் வெல்வது கணக்கில் வெற்றிதான். தரத்தில் அது எச்சரிக்கை. அந்தப் பக்கம் கனெக்டிகட் தன் கான்பரன்ஸுக்கு, அதாவது தான் சேர்ந்திருக்கும் கல்லூரிகளின் குழுவுக்கு, வெளியே ஆடிய 11 ஆட்டங்களையும் பத்துப் புள்ளிக்குக் குறையாமல் வென்றிருந்தது. கடைசியில் நார்த் கரோலைனா 20-13 என்று முடித்து மார்ச் போட்டியின் 68 அணிகளுக்குள் இடமே பெறவில்லை. 1985இல் போட்டி 64 அணிகளாக விரிந்த பிறகு, முதலிடக் கணிப்போடு தொடங்கி உள்ளே நுழையாத முதல் அணி அதுதான். கனெக்டிகட் சாம்பியன்.

நடுவில் கனெக்டிகட்டும் சறுக்கியது. 14-0 என்று போய்க்கொண்டிருந்த அணி அடுத்த எட்டு ஆட்டத்தில் ஆறைத் தோற்றது. அந்த வாரங்களில் அதைக் கைவிட்டவர்கள் நிறையப் பேர். புள்ளி வித்தியாசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கைவிடவில்லை.

ஆகவே முதலில் உன் அட்டவணையை எடு. பெரிய கல்லூரிகள் நவம்பரில் சிறிய கான்பரன்ஸ் அணிகளைப் பணம் கொடுத்துத் தங்கள் மைதானத்துக்கு வரவழைக்கும். பதிலுக்கு அங்கே போய் ஆடுவதில்லை. அந்த ஆட்டங்களில் வெற்றி என்பது செய்தியே இல்லை. சொந்த மைதானம் சுமார் மூன்று புள்ளி தரும் என்று வைத்துக்கொள். அதைக் கழித்துவிட்டு, பலவீனமான அணிகளை எத்தனையில் வென்றார்கள், நடுத்தர அணிகளோடு எவ்வளவு நெருங்கினார்கள் என்று தனித்தனியாக எழுது. உன் அணியின் ஒரே தோல்வி வெளியூரில் நல்ல அணியிடம் நான்கு புள்ளியில் வந்திருந்தால், எட்டு வெற்றிகளில் பாதியை விட அது உயர்ந்த ஆட்டம்.

அடுத்து, புள்ளிகளை அப்படியே பார்க்காதே. ஓடி ஆடும் அணி 85 எடுக்கும், நிதானமான அணி 64 எடுக்கும். இரண்டாவது அணியின் அட்டாக் மோசம் என்று அதனால் ஆகிவிடாது. எத்தனை தடவை பந்து கைக்கு வந்தது என்பதால், அதாவது பொசஷன் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். பாக்ஸ் ஸ்கோரிலேயே எல்லாம் இருக்கிறது: ஃபீல்ட் கோல் முயற்சிகள் (ஆட்டத்தின் போக்கில் கூடைக்கு எறிந்தவை), அதில் அட்டாக் ரீபவுண்டை (தவறிய தன் எறிதலைத் தானே திரும்பப் பிடித்தது) கழி, டர்ன்ஓவரை (எறியாமலே பந்தைத் தொலைத்தது) கூட்டு, ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குப் பரிசாக, தடுப்பில்லாமல் எறிவது) முயற்சிகளை 0.475ஆல் பெருக்கிக் கூட்டு. ஏன் 0.475 என்றால், இரண்டு ஃப்ரீ த்ரோ சேர்ந்துதான் பெரும்பாலும் ஒரு பொசஷன் ஆகும். கூடையோடு சேர்ந்து வரும் ஒற்றை ஃப்ரீ த்ரோ போன்றவை அந்த எண்ணை அரையிலிருந்து சற்றுக் கீழே இழுக்கும்.

உதாரணத்துக்கு 60 முயற்சி, 10 அட்டாக் ரீபவுண்ட், 12 டர்ன்ஓவர், 20 ஃப்ரீ த்ரோ என்று வை. 60-10+12+9.5, ஆக 71.5 பொசஷன். 78 புள்ளி எடுத்திருந்தால் நூறு பொசஷனுக்கு 109. கல்லூரி ஆட்டத்தின் உச்சப் பிரிவான முதல் டிவிஷனில் சமீப சீசன்களில் சராசரி 105ஐ ஒட்டி நின்றதால் 109 பரவாயில்லை ரகம். எதிரணிக்கும் இதையே போட்டு இரண்டையும் கழித்தால் வருவதுதான் நீ பார்க்க வேண்டிய எண்.

புள்ளிவிவர ஆய்வாளர் கென் பொமராய் போடும் தரவரிசைப் பட்டியலைப் பார்த்து அணி 30 இடம் ஏறிவிட்டது என்று எழுதியிருந்தாய். நவம்பரில் அந்தப் பட்டியலில் பாதி, சீசனுக்கு முன் போட்ட கணிப்புதான். ஆட்டங்கள் சேரச் சேர அது கரையும். ஜனவரி வரைக்கும் சாயல் ஒட்டியிருக்கும். நடுவிலிருக்கும் அணிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்பதால் 80லிருந்து 50க்கு வருவது ஒரே நல்ல ராத்திரியில் நடந்துவிடும். இடத்தை விடு, எண்ணைப் பார்.

சரி, அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது? கூடைப்பந்துப் புள்ளிவிவர ஆய்வாளர் டீன் ஆலிவர் சொன்ன நாலு சமாச்சாரம்தான்: எவ்வளவு நன்றாக எறிகிறார்கள், பந்தை எவ்வளவு தொலைக்கிறார்கள், தவறிய எறிதல்களில் எத்தனையைத் திரும்பப் பிடிக்கிறார்கள், ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு எவ்வளவு போகிறார்கள். எறிதலுக்குத்தான் எடை அதிகம். ஆனால் சீசன் தொடக்கத்தில் அதிகம் பொய் சொல்வதும் அதுதான். அதிலும் குறிப்பாக த்ரீ பாயிண்டர், அதாவது வளைவுக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிவது.

கணக்கோடு சொல்கிறேன். உண்மையிலேயே 35 சதவீத அணி, ஆட்டத்துக்கு 20 த்ரீ எறிகிறது. எட்டு ஆட்டத்தில் 160 எறிதல். வெறும் அதிர்ஷ்டத்தாலேயே அந்தச் சதவீதம் மேலும் கீழும் நாலு வரை ஆடுவது சர்வசாதாரணம். அதாவது இப்போது 39 காட்டும் அணியும் 31 காட்டும் அணியும் ஒரே அணியாக இருக்கலாம். அந்த எட்டு சதவீத இடைவெளி ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஐந்து புள்ளி! ஒற்றை ஆட்டம் என்றால் கேட்கவே வேண்டாம். ஏழு விழ வேண்டிய இடத்தில் ஐந்தோ ஒன்பதோ விழுவது சும்மா நடக்கும், ஆறு புள்ளி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போய்விடும். போர்ட்லண்டில் அயோவா ஸ்டேட்டின் கேலப் கிரில் ஏழு த்ரீ போட்டு 31 புள்ளி எடுத்தார். அந்த ஒரு தோல்விக்காக நார்த் கரோலைனாவைக் குறை சொல்ல மாட்டேன். கார்ட்னர்-வெப் ஆட்டத்துக்குத்தான் சொல்வேன்.

உன் அணியின் டிஃபென்ஸை நீ புகழ்ந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. எதிரணிகள் த்ரீயில் 26 சதவீதம்தான் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். பொமராய் பல வருஷங்களுக்கு முன்பே காட்டிவிட்ட விஷயம்: எதிரணி எத்தனை த்ரீ எறியலாம் என்பது டிஃபென்ஸின் கையில் ஓரளவு இருக்கிறது, எறிந்தது விழுமா விழாதா என்பது பெரும்பாலும் இல்லை. ஆகவே சதவீதத்தை அழித்துவிட்டு, எதிரணியின் மொத்த முயற்சிகளில் த்ரீ எத்தனை பங்கு என்று பார். பாதியை நெருங்கினால் 26 சீக்கிரமே 34 ஆகும், அன்று ஏன் தோற்றோம் என்று நீ தலையைச் சொறிவாய். எதிரணியின் ஃப்ரீ த்ரோ சதவீதத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதில் உன் அணிக்குப் பங்கே கிடையாது, பின்னால் உட்கார்ந்து கை ஆட்டும் மாணவர்களுக்கு வேண்டுமானால் கொஞ்சம் இருக்கும்.

நம்பக்கூடியவை டர்ன்ஓவரும் ரீபவுண்டும். இவை பழக்கத்தாலும் உடல் வலிமையாலும் வருபவை என்பதால் சீக்கிரம் நிலைபெறும். கனெக்டிகட்டிடம் அந்த வருஷம் அடாமா சனோகோ, டோனவன் கிளிங்கன் என்று இரண்டு சென்டர்கள், அதாவது வளையத்தருகே ஆடும் பெரிய ஆட்கள், மாறி மாறி உள்ளே நின்றார்கள். எறிதல் கைவிட்ட நாளிலும் இரண்டாவது வாய்ப்பு கிடைத்துக்கொண்டே இருந்தது.

டர்ன்ஓவரிலும் இரண்டு ஜாதி. கோட்டுக்கு வெளியே போனது, டிராவல், அட்டாக் ஃபவுல் எல்லாம் விசில் ஊதி நிற்பவை. திரும்பி ஓடி டிஃபென்ஸ் அமைக்க நேரம் உண்டு. எதிராளி கையில் நேராகப் போவது அடுத்த நான்கு செகண்டில் வளையத்தடியில் சுலபமான லே-அப். பாக்ஸ் ஸ்கோர் இதைப் பிரித்துக் காட்டாது, ஆனால் எதிரணியின் ஸ்டீல் (பறித்த பந்து) எண்ணிக்கைதான் அந்த இரண்டாவது ஜாதி. 14 டர்ன்ஓவரில் 5 ஸ்டீல் என்றால் பொறுத்துக்கொள்ளலாம், 10 என்றால் பாயிண்ட் கார்டுக்கு, எதிரணி நெருக்கி மறிக்கும் பிரஸை உடைக்கத் தெரியவில்லை என்று அர்த்தம். கான்பரன்ஸ் ஆட்டங்களில் ஒவ்வொரு கோச்சும் வீடியோ பார்த்து அங்கேயே குத்துவார்.

டிஃபென்ஸில் தொடக்கத்தில் உடைவது பால் ஸ்கிரீன்தான்: பந்து வைத்திருப்பவனைக் காப்பவனை, எதிரணியின் இன்னொருவன் குறுக்கே நின்று தடுப்பது. முதல் ஆட்டத்துக்கு முன் 42 நாள், அதில் 30 பயிற்சி, அவ்வளவுதான் விதி தருகிறது. அணியில் பாதிப்பேர் ட்ரான்ஸ்ஃபர் என்றால் ஒவ்வொருவனும் போன கல்லூரியின் பழக்கத்தோடு வருகிறான். பந்து வைத்திருப்பவனைக் காக்கும் ஒருவன், பெரியவன் (சென்டர்) பின்வாங்கி வளையத்தைக் காப்பான் என்று நினைக்கிறான். பெரியவனோ ஸ்விட்ச், அதாவது ஆளை மாற்றிக்கொள்வது, என்று நினைத்து மேலே வருகிறான். நடுவில் பந்தோடு ஒருவன் காலியாக நுழைகிறான். உதவிக்கு மூலையிலிருந்து ஒருவன் வருகிறான், அவன் விட்டு வந்த மூலையில் த்ரீ. பார்க்கிறவர்கள் மூலையில் விட்டவனைத் திட்டுவார்கள். தப்பு நடந்தது முப்பது அடி தள்ளி, பெரியவன் வாய் திறந்து கத்தாத இடத்தில். அடுத்த ஆட்டத்தில் பந்தை விட்டுவிட்டு உன் சென்டரை மட்டும் பத்து நிமிஷம் பார். ஸ்கிரீன் வரும் முன்பே பேசுகிறானா? பேசினால் ஜனவரியில் சரியாகிவிடும். பேசாதவனுக்கு மாற்று தேட வேண்டும்.

மார்ச் போட்டிக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழு பார்க்கும் தரவரிசையான நெட் பட்டியல் பற்றியும் கேட்டிருந்தாய். டிசம்பர் தொடக்கத்தில் முதல் பட்டியல் வரும். ஆட்டங்களை எதிரணியின் தரப்படி நாலு குவாட்ரண்டாகப் பிரிப்பார்கள். முதல் குவாட்ரண்ட் என்பது சொந்த மைதானத்தில் 1-30, பொது மைதானத்தில் 1-50, வெளியூரில் 1-75 இடத்திலுள்ள அணிகளோடு ஆடுவது. எதிரணி ஆடிய அன்று எங்கே இருந்தது என்பது செல்லாது, கடைசியில் எங்கே நிற்கிறது என்பதே செல்லும். நார்த் கரோலைனா அந்த டிசம்பரில் ஓஹையோ ஸ்டேட்டை மாடிசன் ஸ்கொயர் கார்டனில் ஓவர்டைமில் 89-84 என்று வென்றது. அன்று அது பெரிய வெற்றி; ஓஹையோ ஸ்டேட் சீசனை 16-19 என்று முடித்ததும் சரக்கு மலிந்துவிட்டது. முதல் குவாட்ரண்டில் நார்த் கரோலைனாவின் கடைசிக் கணக்கு 1-9. எனவே உன் அணி வென்ற எட்டுப் பேரும் தங்கள் கான்பரன்ஸில் ஜெயிக்க வேண்டும் என்று இனி நீயே கை தட்ட வேண்டிவரும்.

அதிர்ச்சித் தோல்விகளுக்கும் இதே கதிதான். 2019 நவம்பரில் எவன்ஸ்வில், முதலிடத்திலிருந்த கென்டக்கியை அதன் ரப் அரீனாவிலேயே 67-64 என்று சாய்த்தது. கென்டக்கி முடிந்தது, எவன்ஸ்வில் கிளம்பிவிட்டது என்றார்கள். எவன்ஸ்வில் தன் கான்பரன்ஸில் 0-18. கென்டக்கி தன் கான்பரன்ஸில் முதலிடம்.

அடுத்த இரண்டு வெளியூர் ஆட்டங்களின் பாக்ஸ் ஸ்கோரை அனுப்பு. எதிரணியின் ஸ்டீலையும் த்ரீ முயற்சிகளையும் வட்டம் போட்டு அனுப்பினால் என் கண்ணுக்கு வேலை மிச்சம். டிக்கெட் விஷயத்தில், பணம் திரும்பக் கிடைக்கும் வகை இருந்தால் போடு.

அன்புடன்,
உன் நண்பன்