முற்போக்கு வேட்பாளரை நிறுத்தப் போகிறவர்களுக்கு: அறிக்கை இருக்கட்டும், பூத்துக்கு ஆள் இருக்கிறதா?

அன்புள்ள ஒருங்கிணைப்புக் குழுத் தோழர்களுக்கு,

நில உரிமைக் குழு, மீனவர் சங்கம், சாதி ஒழிப்பு அமைப்பு, சூழலியல் இயக்கம், தொழிற்சங்கம் என்று எல்லோரும் ஒரே பாயில் உட்கார்ந்து, சட்டமன்றத் தேர்தலில் பொது வேட்பாளர் ஒருவரைச் சுயேச்சையாக நிறுத்தலாம் என்று பேசும்போது முக்கால்வாசி நேரம் தேர்தல் அறிக்கையிலேயே போய்விடுகிறது. மிச்ச நேரம் யாரை நிறுத்துவது என்ற சண்டையில் போகிறது. இந்த மடல் அந்த இரண்டையும் பற்றியதல்ல. தலைமை முகவராகவும் பூத் முகவராகவும் எண்ணிக்கை முகவராகவும் வேலை பார்த்தவர்கள் எழுதுவது இது. உங்கள் வேட்பாளர் கொள்கையால் தோற்பதற்கு முன்பே காகிதத்தாலும் ஆள் இல்லாமையாலும் தோற்றுவிடக் கூடாது என்பதுதான் எங்கள் கவலை.

நல்ல பெயர் வாக்காக மாறும் என்று நம்புகிறவர்கள் 2017ஆம் ஆண்டைத் திரும்பிப் பார்க்கலாம். 16 ஆண்டுகள் உண்ணாநிலை இருந்த இரோம் ஷர்மிளா மணிப்பூரின் தௌபல் தொகுதியில் முதலமைச்சரை எதிர்த்து நின்று 90 வாக்குகள் பெற்றார். நோட்டாவுக்கு அதைவிட அதிகம் விழுந்தது. அதே ஆண்டு குஜராத்தின் வட்காமில் ஜிக்னேஷ் மேவானி சுயேச்சையாகத் தையல் இயந்திரச் சின்னத்தில் நின்று 19,696 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அங்கே காங்கிரஸ் ஆள் நிறுத்தாமல் ஒதுங்கியது. அந்தக் கட்சியின் பூத் ஆட்கள் அவருக்கு வேலை செய்தார்கள். ஊனாவில் தலித்துகள் தாக்கப்பட்டதற்கு எதிரான போராட்டம் அவருக்கு முகத்தைத் தந்தது, பூத்துக்கு ஆளைத் தந்தது இந்த ஏற்பாடு. நீங்கள் எந்தப் பெரிய கட்சியிடமும் பேசப் போவதில்லை என்றால், அந்த ஆட்களை நீங்களேதான் தேடியாக வேண்டும்.

முதலில் காகிதம். வேட்பாளருக்கு 25 வயது நிறைந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டின் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும். வேறு தொகுதிக்காரர் என்றால் அங்குள்ள பட்டியலின் சான்றளிக்கப்பட்ட நகல் வேண்டும். காப்புத்தொகை 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000. அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு ஒரு முன்மொழிபவர் போதும். சுயேச்சைக்கும் பதிவு மட்டும் பெற்ற கட்சிக்கும் பத்துப் பேர், பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளர்கள். இந்தப் பத்துப் பேர் விதிக்கு நம்ம ஊரும் ஒரு காரணம். 1996இல் மொடக்குறிச்சியில் விவசாயிகள் எதிர்ப்புக் காட்டக் கூட்டமாக மனுப் போட்டு, களத்தில் 1,033 பேர் நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியதாயிற்று. அதுவரை வெறும் 250 ரூபாயாக இருந்த டெபாசிட் அதன்பின் 5,000 ஆகி, பிறகு 10,000 ஆனது.

ஒரு வேட்பாளர் நான்கு மனுக்கள் வரை கொடுக்கலாம், டெபாசிட் ஒன்றுதான். நான்கையும் கொடுங்கள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு பத்துப் பேர், ஆக 40 பேர். ஒரு மனு செல்லுபடியானாலும் போதும். 2017 டிசம்பரில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு விழுந்தது, முன்மொழிந்தவர்களில் இரண்டு பேர் அது தங்கள் கையெழுத்தே இல்லை என்று சொன்னதால்தான். அழுத்தம் கொடுத்தால் அசையாதவரா என்று பார்த்து ஆளைத் தேர்ந்தெடுங்கள். சொந்தக் கடை, அரசு ஒப்பந்தம், கூட்டுறவு வங்கிக் கடன் என்று பிடி கொடுக்கக்கூடியவர்களைத் தவிர்ப்பது நல்லது.

நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாக்களை முன்மொழிய வைப்பது நல்ல அரசியல். ஆனால் கைநாட்டு வைப்பவர் என்றால் அதைத் தேர்தல் நடத்தும் அலுவலர் முன்னிலையிலோ தேர்தல் ஆணையம் குறிப்பிட்ட அதிகாரி முன்னிலையிலோ வைக்க வேண்டும். வீட்டில் வாங்கி வந்த ரேகை செல்லாது. ஒவ்வொருவரின் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் கடைசியாக வந்த பட்டியலைப் பார்த்து எழுதுங்கள். திருத்தப் பணி முடிந்தபின் எண்கள் மாறியிருக்கும். பழைய பூத் சிலிப்பைப் பார்த்து எழுதியவர்கள்தான் பரிசீலனை நாளில் தவிக்கிறார்கள்.

மனு நேரம் காலை 11 முதல் மாலை 3 வரை. வேட்பாளரோ முன்மொழிந்தவர்களில் ஒருவரோ நேரில் கொடுக்க வேண்டும். மனுவோடு வேலை முடிந்தது என்று மேளம் அடித்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். வேட்பாளர் அரசியலமைப்பின்படி உறுதிமொழி எடுத்தாக வேண்டும். அதுவும் மனு கொடுத்த பிறகு, பரிசீலனை நாளுக்கு முன்பு. கடவுள் பெயரில் எடுக்க மனம் ஒப்பாதவர்கள் உளமார உறுதி கூறலாம். எடுத்ததற்கான சான்றைக் கையோடு வாங்குங்கள்.

படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. இல்லாததற்கு ‘இல்லை’, பொருந்தாததற்குப் ‘பொருந்தாது’ என்று எழுதுங்கள். கோடு இழுத்து விடாதீர்கள். காலி இடத்தை நிரப்பச் சொல்லி அலுவலர் நினைவூட்டியும் நிரப்பவில்லை என்றால் மனுவைத் தள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொல்லிவிட்டது. துணைவர், சார்ந்திருப்பவர்களின் பான் எண்ணும் ஐந்தாண்டு வருமான விவரமும் கேட்பார்கள். இதைக் கடைசி நாள் காலையில் நோட்டரி வாசலில் உட்கார்ந்து நிரப்புவது தற்கொலைக்குச் சமம்.

நம் வேட்பாளர்களுக்கே உரிய சிக்கல் வழக்குகள். மறியல், தடையை மீறிய ஊர்வலம், முற்றுகை என்று பத்து இருபது முதல் தகவல் அறிக்கைகளில் பெயர் இருக்கும். பாதி அவருக்கே தெரியாது. தேர்தல் அறிவிப்புக்கு இரண்டு மாதம் முன்பே வழக்கறிஞர் ஒருவரை உட்கார வைத்து, போராட்டம் நடந்த ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் எழுத்தில் கேட்டுப் பட்டியல் எடுங்கள். விட்டுப்போன ஒரு வழக்கு, நீங்கள் வென்றால் எதிர்த்தரப்பின் தேர்தல் மனுவுக்கு முதல் பத்தியாகும். நிலுவை வழக்குகளை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் மூன்று தடவை விளம்பரம் செய்ய வேண்டும்: மனு வாபஸ் முடிந்த முதல் நான்கு நாட்களுக்குள் ஒன்று, ஐந்திலிருந்து எட்டாம் நாளுக்குள் ஒன்று, ஒன்பதாம் நாளிலிருந்து பிரச்சாரம் முடிவதற்குள் ஒன்று. மக்களுக்காகப் போட்டுக்கொண்ட வழக்குக்கும் மணல் கொள்ளை வழக்குக்கும் அந்த விளம்பரம் வித்தியாசம் காட்டாது. அதன் செலவும் வேட்பாளர் கணக்கில்தான் ஏறும். நிதித் திட்டம் போடும்போது பெரும்பாலானோர் மறக்கும் செலவு இது.

கணக்கு பற்றி. உச்சவரம்பு 40 லட்சம். உங்களுக்கு அது ஒரு கவலையே இல்லை என்று தெரியும். கவலை வேறு இடத்தில். மனு கொடுப்பதற்கு ஒரு நாள் முன்னதாகவாவது தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்குத் திறந்திருக்க வேண்டும். ஒரே ஆளுக்கு மொத்தத் தேர்தல் காலத்திலும் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்க முடியாது. வேன் ஓட்டும் தோழருக்குத் தினம் 1,000 கொடுத்தால் பத்தாம் நாளோடு வரம்பு முடிந்தது. ஒருவரிடமிருந்து வாங்கும் ரொக்க நன்கொடைக்கும் அதே வரம்புதான். கணக்குப் பதிவேட்டில் வெள்ளைத் தாள் அன்றாடச் செலவு, இளஞ்சிவப்பு ரொக்கம், மஞ்சள் வங்கி. பிரச்சார காலத்தில் மூன்று முறையாவது செலவினப் பார்வையாளரிடம் காட்ட வேண்டும்.

இலவசமாகக் கிடைத்ததும் செலவுதான். தோழர் கொடுத்த ஆட்டோ, நண்பர் கொடுத்த மண்டபம், காசு வாங்காமல் அடித்த பறைக்குழு எல்லாவற்றுக்கும் மாவட்ட நிர்வாகத்தின் விலைப்பட்டியல்படி ஒரு தொகை போடுவார்கள். கட்சிகளுக்கு இருக்கும் நட்சத்திரப் பேச்சாளர் சலுகை சுயேச்சைக்குக் கிடையாது. வெளியூரிலிருந்து உங்கள் வேட்பாளருக்காக வரும் பிரபலத்தின் பயணச் செலவு வேட்பாளர் தலையில்தான் விழும். இயக்கங்கள் சேர்ந்து நிற்கும் தொகுதிகளில் இன்னொரு தொல்லை, ஆளாளுக்குத் தனித்தனியாகத் துண்டறிக்கை அடிப்பது. வேட்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அவருக்காகப் பிறர் செலவு செய்வது குற்றம். சட்டம் விட்டுவைத்த விலக்கு பத்தே ரூபாய். அச்சடித்தவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இல்லாத நோட்டீசுக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு. ஆகவே அச்சு முழுக்க ஒரே கையில் இருக்கட்டும்.

சின்னம் வாபஸ் முடிந்த பிறகுதான் ஒதுக்கப்படும். மனுவில் மூன்று விருப்பம் எழுதலாம்; கிடைப்பது உறுதியில்லை. அதிலிருந்து வாக்குப்பதிவுக்குக் கிட்டத்தட்ட இரண்டு வாரம், அதில் கடைசி 48 மணி நேரம் பேசக் கூடாது. பன்னிரண்டே நாளில் ஒரு சின்னத்தைக் கிழவி வாயில் ஏற்ற வேண்டும் என்றால் பெரிய கூட்டம் உதவாது, வீடு வீடாகப் போவதுதான் உதவும். எந்திரத்தில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலில், பதிவு பெற்றவை அடுத்து, சுயேச்சைகள் கடைசியில், ஒவ்வொரு பிரிவிலும் அகர வரிசையில் வரும். ஒரு எந்திரத்தில் 16 பொத்தான், நோட்டாவுக்கு ஒன்று போக 15 பேர். அதற்கு மேல் நின்றால் உங்கள் ஆள் இரண்டாவது எந்திரத்துக்குப் போய்விடக்கூடும். அப்போது பரப்ப வேண்டியது சின்னம் மட்டுமல்ல, ‘ரெண்டாவது பெட்டி’ என்பதும்தான். 2021இல் விடுதலைச் சிறுத்தைகள் ஆறு இடங்களில் பானைச் சின்னத்தில் நின்று நான்கில் வென்றார்கள். கூட்டணி பலம் இருந்தது, உண்மைதான். ஆனாலும் பெரிய கட்சியின் சின்னம் இல்லாமல் முடியாது என்பதற்கு அது பதில்.

இனி பூத். எங்களைக் கேட்டால் மடலின் மற்றதெல்லாம் இதற்கு முன்னுரை.

ஒரு தொகுதியில் ஏறத்தாழ 300 வாக்குச்சாவடிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவர், மாற்று ஆட்கள் இரண்டு பேர் வரை, உள்ளே ஒரு நேரத்தில் ஒருவர். எல்லோருக்கும் வேட்பாளரோ தலைமை முகவரோ கையெழுத்திட்ட நியமனப் படிவம் (படிவம் 10) வேண்டும். மாற்று ஆள் ஒருவரை மட்டும் சேர்த்தாலே 600 படிவம், அத்தனையிலும் முதல் நாள் இரவு கையெழுத்துப் போட முடியாது. முகவர் அதே பூத்தின் வாக்காளராகவோ பக்கத்துப் பூத்தின் வாக்காளராகவோ இருக்க வேண்டும் என்பது பழைய விதி. ஆள் கிடைக்காவிட்டால் தொகுதியின் எந்த வாக்காளரும் உட்காரலாம் என்று பிறகு தளர்த்தினார்கள். இது உங்களுக்கென்றே வந்த தளர்வு. சேரிப் பக்கத்துப் பூத்துகளுக்கு ஆள் தானாக வருவார்கள். ஊர்ப் பக்கத்துப் பூத்தில், பெரியப்பாவும் மாமாவும் இரண்டு பெரிய கட்சிகளுக்கும் உட்கார்ந்திருக்கும் அறையில், எதிர் மேசையில் உட்கார எந்தப் பையனும் துணிய மாட்டான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை; மறுநாளும் அவன் அந்தத் தெருவில்தான் இருக்க வேண்டும். அங்கே வேறு ஊர் ஆளைப் போடுங்கள், முடிந்தால் வயதில் மூத்த பெண்ணை.

முகவர் போகவேண்டிய நேரம் விடியற்காலை 5 மணி. ஏழு மணி வாக்குப்பதிவு என்றால் மாதிரி வாக்குப்பதிவு ஐந்தரைக்கு. குறைந்தது 50 வாக்குப் போட்டுப் பார்த்து, விவிபாட் (யாருக்கு வாக்கு விழுந்தது என்று காட்டும் கருவி) சீட்டுகளோடு ஒப்பிட்டு, பிறகு கருவியைச் சுழியமாக்கிச் சீட்டுகளை வெளியே எடுத்தார்களா என்று கண்ணால் பார்க்க வேண்டும். அழிக்க மறந்த மாதிரி வாக்குகளால்தான் எண்ணிக்கை நாளில் கணக்கு இடிக்கும். கட்டுப்பாட்டுக் கருவியின் எண்ணையும் காகித முத்திரையின் எண்ணையும் எழுதிக்கொள்ள வேண்டும். மாலையில் படிவம் 17சி நகல் வாங்காமல் அறையை விட்டு வரவே கூடாது. அந்தப் பூத்தில் பதிவான மொத்த வாக்குக்கு உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான். பசியிலும் கடைசி பஸ் பயத்திலும் ஆறு மணிக்கே கிளம்பிவிடுகிறார்கள். இரவுச் சோறும் திரும்ப வண்டியும் உறுதி செய்தால் நகல் வரும்.

வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு வாக்குச்சாவடி நிலை முகவர்கள் உண்டு, உங்களுக்கு இல்லை. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போன குடும்பங்கள் ‘இடம் பெயர்ந்தோர்’ என்று நீக்கப்பட்டிருக்கிறார்களா என்று நீங்களே தெருத்தெருவாகப் பார்க்க வேண்டும். மனுவின் கடைசி நாள் மூன்று மணிக்குப் பட்டியல் மூடப்படும். ஆட்சேபணைக்கான கால அவகாசத்தைக் கழித்தால், பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6ஐ அதற்குப் பத்து நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும்.

எண்ணிக்கை அறைக்கு வழக்கமாக 14 மேசை, அதோடு தபால் வாக்குக்கும் ஆள். முகவர் பட்டியலைப் புகைப்படத்தோடு மூன்று நாள் முன்பே கொடுக்க வேண்டும். தபால் மேசைக்கு உங்களிடம் இருப்பதிலேயே விதி தெரிந்த ஆளை அனுப்புங்கள். 2016இல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 வாக்குகள். சான்றொப்பமிட்ட தலைமையாசிரியருக்கு அந்த அதிகாரமில்லை என்று 203 தபால் வாக்குகளை ஒதுக்கிவிட்டார்கள். உயர் நீதிமன்றம் 2019இல் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது, முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது, பதவிக்காலமும் அப்படியே முடிந்தது. மறு எண்ணிக்கை வேண்டுமென்றால் முடிவை அறிவிப்பதற்கு முன், எழுத்தில், காரணத்தோடு கேட்க வேண்டும். அறிவித்த பிறகு 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போவது ஒன்றே வழி.

ஆக, உங்களிடம் நாங்கள் கேட்பது இது. வேட்பாளரை அறிவிப்பதற்கு முன் 300 பூத்தின் பட்டியலை மேசையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிப் பாருங்கள். பாதிகூட நிரம்பவில்லை என்றால் இந்த முறை நிற்காதீர்கள். அந்தப் பாதியை வைத்து உள்ளாட்சியில் வார்டுகளுக்கு நில்லுங்கள். பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் டெபாசிட் திரும்பும். இரண்டு லட்சம் வாக்கு பதிவானால் 33,000க்கு மேல் வேண்டும். பூத்தில் ஆளில்லாமல் அந்த எண்ணை யாரும் தொட்டதில்லை என்று சொல்ல மாட்டோம், ஆனால் அதை நம்பி நிற்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. முடிவு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் செலவுக் கணக்கை ரசீதுகளோடு மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கொடுத்தாக வேண்டும். தோற்றவருக்கும் இது உண்டு, ஒரு ரூபாய் செலவழிக்காதவருக்கும் உண்டு. தோற்ற களைப்பில் எல்லோரும் அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள், ரசீதுகள் யாரோ ஒருவரின் பையில் இருக்கும். கணக்குக் கொடுக்காத வேட்பாளரை மூன்று ஆண்டுகள் வரை போட்டியிட முடியாதபடி ஆணையம் தகுதி நீக்கம் செய்யும். அந்த 30 நாளும் ஊரிலேயே இருக்கப் போகிற ஒருவரின் பெயரை, பூத் பட்டியலின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

தோழமையுடன்,
பூத் வேலை பார்த்த சிலர்