வில்லியானா ஹிக்மன் அம்மாவுக்கு

அன்புள்ள வில்லியானா அம்மா,

1878-ல் அமெரிக்காவின் கென்டக்கியிலிருந்து ரயிலில் கிளம்பி, கன்சாஸ் மாநிலத்தில் எல்லிஸ் ஸ்டேஷனில் இறங்கி, வழியில் தட்டம்மை வந்து உங்கள் கூட்டத்துப் பிள்ளைகள் சிலரைப் பறிகொடுத்து, புல்வெளியில் இரண்டு நாள் குதிரை வண்டிகளோடு பயணம் செய்த பிறகு "அதோ நிகோடெமஸ்" என்று ஆண்கள் கூவினார்களாம். ஊரே கண்ணுக்குத் தெரியவில்லை. தரையிலிருந்து எழுந்த புகையைத்தான் உங்கள் கணவர் காட்டினார். மண்ணைக் குடைந்த பொந்துகளில் குடும்பங்கள் இருந்தன. நீங்கள் அழுதுவிட்டீர்கள். யார்தான் அழமாட்டார்கள்?

அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களிடம் சொந்த நிலம், சொந்த ஊர் என்று நோட்டீஸ் அடித்து ஆள் சேர்த்தார்கள். முந்தைய வருடம், 1877-ல், முந்நூறு பேருக்கு மேல் வந்தவர்களில் அறுபது குடும்பங்கள் பார்த்ததுமே திரும்பிவிட்டன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நீங்கள் தங்கினீர்கள். விறகு கிடைக்காத அந்த வெட்டவெளியில் சூரியகாந்தித் தண்டும் காட்டெருமை வரட்டியும்தான் அடுப்புக்கு. ஏர் பூட்டக் குதிரை இல்லாதவர்கள் மண்வெட்டியால் நிலத்தைக் கொத்தினார்கள். முதல் குளிர்காலத்தில் வேட்டையிலிருந்து திரும்பிய ஓசேஜ் பூர்வகுடி மக்கள் இறைச்சி கொடுத்துக் காப்பாற்றியதாக ஊரில் இன்றும் சொல்கிறார்கள்.

பத்தே வருடத்தில் கடைகள், ஓட்டல், பள்ளிக்கூடம், தேவாலயங்கள், இரண்டு செய்தித்தாள்கள்! அப்புறம் ரயில் பேச்சு வந்தது. ரயிலை ஊருக்குக் கொண்டுவர ஊர்க்காரர்கள் 16,000 டாலர் கடன்பத்திரம் போட ஓட்டுப் போட்டும் பேரம் படியவில்லை. 1888-ல் யூனியன் பசிபிக் தண்டவாளம் சாலமன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனது. கடைக்காரர்கள் பலர் ஆற்றைத் தாண்டிப் போய்விட்டார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த இடம்தான் இன்றைய போக் ஊர்.

நிகோடெமஸைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இந்த இடத்திலேயே கதையை முடித்துவிடுகிறார்கள். அதுதான் எனக்கு ஆத்திரம். ரயில் போன பிறகும் உழுதவர்கள் உழுதுகொண்டுதானே இருந்தார்கள்? 1930-களின் வறட்சியும் புழுதிப்புயலும் ஊரைக் காலி செய்துகொண்டிருந்த அதே சமயத்தில், 1939-ல், சுண்ணாம்புக்கல்லில் ஊர்ப் பொதுக்கூடம் எழும்பியது. 1953-ல் தபால் ஆபீஸ் மூடியது, சரி. ஆனால் 1996-ல் அமெரிக்க அரசு இந்த இடத்தைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தது.

தனி நகராட்சி கிடையாது, இப்போது குடியிருப்பவர்கள் இருபது பேர் அளவில்தான். ஆனாலும் ஒவ்வொரு ஜூலைக் கடைசியிலும் முதலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், அவர்களின் பிள்ளைகள் என்று நூற்றுக்கணக்கில் வந்து இறங்குகிறார்கள். மேற்கிந்தியத் தீவுகளில் 1834 ஆகஸ்ட் 1 அன்று அடிமைமுறை ஒழிந்ததைக் கொண்டாடத் தொடங்கிய விழா இது. ஊர்வலம், பிரார்த்தனை, விருந்து எல்லாம் உண்டு. வந்தவர்கள் பழைய கட்டடங்களைச் சுற்றிக் காட்டி, எந்தக் குடும்பம் எங்கே இருந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் ஊரின் கதையை விரும்பிப் படிக்கும் ஒருத்தி